ஆறு பாட்டும் ஒரு சீட்டுக் காசும்

2018ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். வவுனியா நகரில் ஒரு வீட்டின் பின் அறையில், காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் நான் நின்றேன். சுவர் நான்கிலும் முட்டைத் தட்டுகளை ஒட்டியிருந்தார்கள். சத்தம் திரும்பி எதிரொலிக்காமல் இருப்பதற்காம். மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள், அதன் சத்தம் பாட்டுக்குள் விழுந்துவிடும் என்று. வேர்வை முதுகால் ஓடியது. நான் முதல் அடியைப் பாடத் தொடங்கினேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த தம்பி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அக்கா, கத்தாதேங்கோ. கிட்ட வந்து, காதுக்குள்ள சொல்லுற மாதிரிப் பாடுங்கோ.”

நான் கத்தவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரித்தான் பாடினேன். வீதி நாடகத்தில் மைக் கிடையாது. சந்தைக்கு முன்னாலும் பாடசாலை முற்றத்திலும் வட்டமாக நிற்கும் சனங்களில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். பின்னால் பஸ் வந்து நிற்கும், நாய் குரைக்கும், அதற்கு மேலால் குரல் போக வேண்டும். நான்கு வருடமாக அப்படிப் பழகிய தொண்டை. காதுக்குள் சொல்லுவதென்றால், ஆருடைய காதுக்குள் என்று நினைத்தேன். அந்த நினைவோடு அன்றைக்கு ஒரு அடியும் ஒழுங்காக வரவில்லை.

சகோதரிகளே, நான் பெரிய பாடகி இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, 2003இல், சமாதான காலத்தில் கலியாணம் முடித்தேன். 2009 வைகாசியில் என் கணவரைக் கடைசியாகக் கண்டேன். அதன்பின் மகளோடும் மாமியோடும் செட்டிகுளம் முகாம், பிறகு ஊர், பிறகு மகளின் படிப்புக்காக வவுனியாவில் வாடகை வீடு. தையல் மெசின் ஒன்றுதான் எங்கள் வருமானம். உங்களில் பலருக்கு இந்தக் கதையை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஊரின் பெயரை மாற்றினால் உங்களுடைய கதையாக இருக்கும்.

2014இல் ஒரு பெண்கள் அமைப்பின் நாடகக் குழுவில் சேர்ந்தேன். கண்ணிவெடி, குடி, இளவயதுத் திருமணம், நுண்கடன் என்று விடயம் மாறிக்கொண்டே போகும். என் பாத்திரம் மாறாது. குடிகாரனின் மனைவி, கடன்காரனுக்குப் பயந்து கதவைப் பூட்டுகிறவள், பிள்ளையை இழந்தவள். எதுவென்றாலும் நான் அழ வேண்டும். நன்றாக அழுவேன். பயிற்சி தேவைப்படவில்லை. நாடகம் முடிந்ததும் சனங்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுவார்கள். வயதான அம்மாக்கள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிடுவார்கள். புருசனைக் காணாத பெண் வீதியில் நின்று ஏன் நடிக்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மாமி கூட ஒருநாள் பார்க்க வந்து, மற்றவர்களோடு சேர்ந்து அழுதுவிட்டுப் போனார்.

அந்த நாடகங்களுக்கு கீபோர்ட் வாசித்த தம்பிதான் இந்த எண்ணத்தைக் கிளப்பியவர். நுண்கடன் நாடகத்தின் முடிவில் நான் பாடும் சிறிய பாட்டை ஆட்கள் போனில் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். “உங்கட குரலுக்கெண்டு ஆறு மெட்டு வைச்சிருக்கிறன் அக்கா. ஒரு இறுவட்டு போடுவம். நாடகப் பாட்டில்ல. புதுசா, ஆக்கள் ஓட்டோவில போட்டுக்கொண்டு போற மாதிரி” என்றார். ஒரு பாட்டுக்கு இசையும் பதிவும் சேர்த்து 12,000 ரூபா. ஆறு பாட்டுக்கு 72,000. தட்டு அடிக்கவும் உறை அச்சடிக்கவும் வேறு.

அந்தத் தை மாதம் எனக்குச் சீட்டு விழுந்திருந்தது. கழிவு போக 90,000 கையில் வந்தது. ஊரில் எங்கள் காணியில் இருக்கும் வீட்டின் தகரக் கூரையை மாற்றத்தான் அந்தச் சீட்டையே கட்டினேன். அதை எடுத்துப் பாட்டில் போடப்போகிறேன் என்று சொன்ன இரவு மாமி சாப்பிடவில்லை.

மாமிக்குப் பாட்டு பிடிக்காது என்று நினைக்கவேண்டாம். அவர் கே. பி. சுந்தராம்பாளின் பாட்டென்றால் கை வேலையை விட்டுவிட்டு இருந்து கேட்பார். அடுத்த நாள் காலை அதையே எடுத்தார்.

“கிட்டப்பா செத்தபிறகு அந்த மனுசி என்ன செய்தது? வெள்ளைச் சேலையோட இருந்து சாமிப் பாட்டுத்தானே பாடினது. உலகமே கையெடுத்துக் கும்பிட்டது. நீயும் பாடன், முருகன்ர பாட்டு. ஆர் வேண்டாமெண்டது?”

மாமி சொன்னதில் பிழையில்லை. சுந்தராம்பாள் எங்கள் இலங்கை மேடையில் சிறு வயதிலேயே நடித்தவர். 1926இல் கொழும்பில் நாடகம் போட வந்த இடத்தில்தான் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து நடித்தார்கள், மணமும் செய்தார்கள். 1933 மார்கழியில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. ஆண் நடிகரோடு இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே ஆண் வேடம் கட்டி நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபா சம்பளம். அந்தக் காலத்து லட்சம்! பிறகு 1953இல் ‘ஔவையார்’. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் வளர்ந்த அந்தக் குரலை இசைத்தட்டில் கேட்டு எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது.

நான் மாமிக்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்ல நினைத்தது இதுதான்: அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தன் புருசன் இல்லை என்று. எனக்கு ஆர் அதைச் சொல்லியிருக்கிறார்கள்? மாமியே சொல்லவிடுவதில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் வந்தபோது, “என்ர பிள்ளை செத்தானெண்டு நான் எழுதித் தரமாட்டன்” என்று அவர்களை வாசலோடு அனுப்பியவர் அவர். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்றே சான்றிதழ் பெறலாம் என 2016இல் சட்டம் வந்தது. அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. நான் நெற்றியில் பொட்டில்லாமல் வெளியே போனால் திரும்பிக் கூப்பிட்டு வைத்துவிடுவார். ஆக, பொட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கிறார். சந்தோசமான பாட்டுப் பாடக்கூடாது, ஏனென்றால் அவர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்பது வருடம் நின்றேன்.

என் மகளுக்கு அப்போது 13 வயது. அவள் வேறு ஒரு கதையைக் கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அக்காவின் போனில் பார்த்ததாம்.

“அம்மா, பிரியங்கா சோப்ராவும் நடிச்சுப்போட்டுத்தான் பாட வந்தவ. அவவையும் எல்லாரும் பேசினவை.”

பிரியங்கா சோப்ரா என்றால் எனக்கு 2000ஆம் ஆண்டு உலக அழகிப் பட்டம் வென்ற பிள்ளை என்ற அளவில்தான் தெரியும். மகள் சொல்லித்தான் அறிந்தேன், அவர் முதல் நடித்தது ஹிந்திப் படம் இல்லை, 2002இல் விஜய்யோடு ‘தமிழன்’ படம். அதிலேயே விஜய்யோடு சேர்ந்து ஒரு பாட்டும் பாடியிருக்கிறார். டி. இமான் இசையமைத்த முதல் படமும் அதுதான். பிறகு ஹிந்தியில் பெரிய நடிகையானார். 2011இல் அமெரிக்க இசை நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் செய்து, ஆங்கிலத்தில் பொப் பாட்டுகள் கொண்ட தன் முதல் இசைத்தொகுப்பைச் செய்யப்போவதாக அறிவித்தார். கையில் பட்டமும் பணமும் பெயரும் இருந்தன. இருந்தும் அங்கே போய் முதலாம் படியில் நின்றார்.

2012 செப்டம்பரில் முதல் பாட்டு வந்தது. அமெரிக்காவில் வியாழக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் காட்டும் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு முன்னோட்டமாக அந்தப் பாட்டைப் போட்டார்கள். (அவர்களுடைய உதைபந்தாட்டம் எங்களுடையது இல்லை. கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.) கோடிக்கணக்கானோர் பார்க்கிற நிகழ்ச்சி. அவர் பெருமையாக நினைத்திருப்பார். அந்த இரவே அவருக்கு வந்து குவிந்தது வசை. அவருடைய தோலின் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், உன் நாட்டுக்குப் போ என்றார்கள், பயங்கரவாதி என்று கூட எழுதினார்கள். இதை அவர் பிறகு பல செவ்விகளில் சொல்லியிருக்கிறார்.

மகள் அந்தச் சொல்லை வாசித்தபோது நான் மெசினை நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டுப் பாடிய பெண்ணுக்கு அந்தச் சொல்லைச் சொல்லலாமா? எங்களுக்கு அந்தச் சொல் எங்கெங்கே என்னென்ன செய்தது என்று தெரியும். உலக அழகிக்கும் அதே சொல்தான் என்பதைக் கேட்க ஒரு பக்கம் வயிறு எரிந்தது. மற்றப் பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் தைரியமும் வந்தது.

“பிறகு என்ன செய்தவ?” என்று கேட்டேன்.

பிறகும் பாடினார். 2013 யூனில் அவருடைய அப்பா புற்றுநோயால் இறந்தார். அப்பா இராணுவ வைத்தியர், நன்றாகப் பாடக்கூடியவர், மகளுக்குப் பாட்டில் ஆசையை ஊட்டியவர். அடுத்த மாதமே, யூலையில், இரண்டாவது பாட்டு வந்தது. கடற்கரையில் ஆடிப்பாடுகிற பாட்டு. அப்பா செத்து ஒரு மாதத்தில் இப்படி ஒரு பாட்டு என்றால் எங்கள் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். 2014இல் மூன்றாவது பாட்டு, வேறொருவர் முன்பு பாடிய பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று.

“தொகுப்பு எப்ப வந்தது?”

“வரேல்ல அம்மா.”

ஆறேழு தரம் கேட்டேன், மகளும் தேடித் தேடிப் பார்த்தாள். மூன்று பாட்டோடு நின்றுவிட்டது. முதலாவது பாட்டு இந்தியாவில் நன்றாக விற்றது, அமெரிக்காவில் எடுபடவில்லை. முழு இசைத்தொகுப்பு வெளிவரவே இல்லை. 2015இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகியாக நடிக்கத் தொடங்கினார், உலகம் அவரை அதிலேதான் அறிந்தது. பாடப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம்தான் அந்த வாய்ப்புக்கும் வழி திறந்தது என்கிறார்கள். 2021இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியபோது, பாட்டுமுயற்சி எதிர்பார்த்தபடி போகவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயருக்கே ‘முடியாதது’ என்றுதான் பொருள்.

மகள் எனக்கு உற்சாகம் ஊட்டவென்று கொண்டுவந்த கதை, வராத தொகுப்பில் போய் முடிந்ததில் அவளுக்குக் கவலை. எனக்கு அப்படி இல்லை. கோடீஸ்வரிக்கே முழுவதும் கைகூடாத வேலை, எனக்கு மூன்று பாட்டு வந்தாலும் போதும் என்று கணக்குப் போட்டேன். 36,000 ரூபா. மிச்சத்துக்குத் தகரமாவது வாங்கலாம்.

ஆனால் ஆறையும் பாடவைத்தது வேறொருவருடைய கதை. எங்கள் ஒழுங்கையில் புகையிரதத் திணைக்களத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருந்தார். தென்பகுதி நிலையங்களில் நெடுநாள் இருந்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரிக் கதைப்பார். நான் தைத்த சட்டையை வாங்க வந்தவர், இறுவட்டு விடயம் கேள்விப்பட்டு, “பிள்ளை, உமக்கு ருக்மணி தேவியைத் தெரியுமோ?” என்று கேட்டார்.

சிங்கள நடிகை என்றேன்.

“ஓம். பேர் என்ன தெரியுமோ? டெய்சி ராசம்மா.”

றம்பொடையில் 1923 தை மாதம் பிறந்தவர். கொழும்புச் செட்டி சமூகம், கிறிஸ்தவக் குடும்பம், டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்று பெயர். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த சிறுபிள்ளை, 1930களின் நடுப்பகுதியில் சிங்கள மேடையில் நடிக்கத் தொடங்கினார், இராமாயண நாடகத்தில் சீதையாக. 1939இல், 16 வயதில், எச். டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டரோடு சேர்ந்து அவர் பாடிய முதல் இசைத்தட்டு எச்.எம்.வி. நிறுவனத்தால் வெளிவந்தது. புத்தகயா விகாரையைப் பற்றிய பாட்டு. கிறிஸ்தவப் பிள்ளை, ராசம்மா என்ற பேர், பௌத்தப் பாட்டு. அந்தப் பாட்டு சிங்கள வீடுகளிலெல்லாம் ஒலித்தது.

அந்தக் காலத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பிழை விட்டால் வெட்டி ஒட்ட முடியாது, தொடக்கத்திலிருந்து பாட வேண்டும். கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய மேடைப் பிள்ளைக்கும் அன்றைக்கு ஆரோ ஒருவர் ‘கத்தாதே’ என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இது என் கற்பனைதான்.

1947 தை 21ஆம் திகதி முதலாவது சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொறொந்துவ’ கொழும்பில் திரையிடப்பட்டபோது அதன் நாயகி அவர்தான். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படம் பிடித்தது மதுரையில். அவரோடு நடித்த எடி ஜயமான்ன அவருடைய கணவர். அதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு படம். பட வாய்ப்புகள் குறைந்த காலத்தில் அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. இளம் பெடியங்களின் பொப் இசைக்குழுக்களோடு சேர்ந்து, ஊர் ஊராகத் திறந்த மேடைகளில் தன் பழைய பாட்டுகளைப் புதிய தாளத்தில் பாடினார். ஐம்பது வயதைக் கடந்த அம்மா, கிற்றாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில். 1978 ஐப்பசி 28ஆம் திகதி, மாத்தறையில் பாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எலைக்குக் கிட்ட வாகன விபத்தில் இறந்தார்.

“வானொலியில சொன்னாங்கள். ஸ்ரேசனில நிண்ட ஆக்கள் அப்படியே நிண்டுட்டினம்” என்றார் ஐயா. “சிங்கள ஆக்கள், தமிழ் ஆக்கள் எல்லாரும்தான். அதுக்குப் பிறகு அப்பிடி ஒண்டாய் நிண்டு அழுததை நான் காணேல்ல.”

அவர் போன பிறகு சட்டைக் காசை வாங்க மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

சரி, பதிவு அறைக்கு வருகிறேன். முதல் நான்கு பாட்டும் கவலைப் பாட்டுகள். காதுக்குள் சொல்லுகிற மாதிரிப் பாடுவதற்கு இரண்டு கிழமை பிடித்தது. தம்பி ஒரு வழி சொன்னார்: மகளைத் தூங்கவைக்கப் பாடுகிற மாதிரி நினையுங்கோ. முகாமில் கூடாரத்துக்குள் அவளைத் தூங்கவைத்தது அப்படித்தான், அடுத்த கூடாரத்துக்குக் கேட்காமல். அதை நினைத்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது. நாடகத்துக்கு முன்னமே நான் அப்படிப் பாடத் தெரிந்தவள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. இப்போது வரிவரியாகப் பாடி ஒட்டுகிறார்கள், பிழைத்த சொல்லை மட்டும் திரும்பப் பாடலாம். ராசம்மாவுக்கு இல்லாத வசதி.

ஐந்தாம் பாட்டில் மாட்டிக்கொண்டேன். அது கலியாண வீட்டுப் பாட்டு மாதிரி, கைதட்டுகிற தாளம். நடுவில் ஓர் இடத்தில் மெல்லச் சிரிக்க வேண்டும். பாட்டோடு சேர்ந்த சின்னச் சிரிப்பு, இரண்டு நொடி. அழச் சொன்னால் உடனே அழுவேன். சிரிப்பு வரவில்லை. பதினான்கு தரம் எடுத்தார்கள். சிரித்தால் நாடகத்தில் பைத்தியக்காரி சிரிக்கிற மாதிரி வந்தது. தம்பி பொறுமையான பிள்ளை, ஆனாலும் களைத்துவிட்டார். அந்த நேரம் கரண்ட் போனது.

இருட்டில் இருந்தோம். வெளியே படியில் இருந்த மகள் உள்ளே வந்து, “அம்மா, நீங்க அந்த இடத்தில மூக்கைச் சுருக்கிறீங்கள்” என்று செய்து காட்டினாள். அப்படியே என் முகம். தம்பியும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒன்பது வருடத்தில் அப்படிச் சத்தமாகச் சிரித்தது நினைவில்லை. சிரித்த கையோடு பயம் பிடித்தது, ஆரும் கேட்டார்களோ என்று. கரண்ட் வந்ததும் பாடினேன். இறுவட்டில் இருப்பது அந்தப் பதினைந்தாவது தரம்.

உறைக்குப் படம் எடுக்கும்போதும் ஒரு சண்டை. முகம் போட வேண்டாம், ஒரு பூவையோ கடலையோ போடு என்றார் மாமி. நான்கு வருடம் வீதியில் நின்ற முகம், இனி என்ன மறைப்பது என்றேன். மாம்பழ நிறச் சேலை, நெற்றியில் பொட்டு. அந்தப் பொட்டை அன்று காலையில் வைத்துவிட்டதும் மாமிதான்.

முந்நூறு தட்டு அடித்தோம். சித்திரையில் ஒரு பொதுமண்டபத்தில் சிறிதாக வெளியிட்டோம். அழுகைப் பாட்டு நான்கையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஐந்தாம் பாட்டுப் போனபோது மண்டபத்தில் கதிரைச் சத்தம் கேட்டது. அடுத்த கிழமை கோயிலில் ஒரு பெண், எனக்குக் கேட்கவென்றே, “புருசனைத் தேடுறன் எண்டு சொல்லிக்கொண்டு, இஞ்ச பாட்டும் சிரிப்பும்” என்றார். தெரியாத இலக்கங்களிலிருந்து இரண்டு மூன்று அழைப்பும் வந்தது, அதை இங்கே எழுதமாட்டேன். போன் இலக்கத்தை மாற்றினேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் கண்டி வீதியோரக் கொட்டகைக்குப் போவதுதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வவுனியாவில் 2017 மாசியில் தொடங்கிய போராட்டம் அது. தையல் இல்லாத நாட்களில் நானும் என் கணவரின் படத்தோடு போய் இருப்பேன். பாட்டு வந்தபிறகு மூன்று கிழமை போகவில்லை. நாலாம் கிழமை போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, படத்தை வாங்கி வழமையான இடத்தில் வைத்தார்கள். பின்னேரம் ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்திருந்தார். மூன்று பிள்ளைகளைத் தேடுகிறவர். “நீ பாடினதெண்டு சொல்லுகினம். அந்தச் சிரிக்கிற பாட்டு இருக்கோ?” என்றார். போனில் போட்டு அவருடைய காதில் வைத்தேன். வீதியில் லொறிச் சத்தம். அவர் கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு போனைத் தந்துவிட்டு, “வெத்திலை கிடக்கோ?” என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இறுவட்டு போட நினைக்கிற தங்கச்சிமார் இதை வாசித்தால் உதவும். முந்நூறில் 140 விற்றது, ஒன்று 150 ரூபா. 21,000. இலவசமாய்க் கொடுத்தது ஐம்பதுக்கு மேல். மிச்சம் பெட்டியில். அதற்குள் ஆட்களின் வீட்டில் தட்டுப் போடுகிற மெசினே இல்லாமல் போய்விட்டது, எல்லோரும் போனில்தான் கேட்கிறார்கள், அதற்குக் காசு வருவதில்லை. சீட்டுக் காசு திரும்பவில்லை. கூரையை 2021இல்தான் மாற்றினோம், அதுவும் மகளும் பின்னேர வகுப்பு எடுத்துச் சேர்த்ததால். நாடகக் குழுவில் இப்போது எனக்கு வேறு பாத்திரங்களும் தருகிறார்கள். போன வருடம் கடனைக் கொடுக்க மறுத்து வாக்குவாதப்படுகிற கிழவியாக நடித்தேன், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது தொகுப்புக்குத் தம்பி மெட்டுகள் வைத்திருக்கிறார். சீட்டு இன்னும் விழவில்லை.

மாமி அந்தப் பாட்டுகளைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது ஊர் வீட்டில் இருக்கிறோம். சென்ற கோடையில் பயற்றங்கொடியிலும் கொய்யாவிலும் கிளிகள் வந்து அழித்துக்கொண்டிருந்தன. ஒருநாள் தையலை விட்டு எழுந்து வெளியே வந்தால், பந்தல் முழுக்க என் இறுவட்டுகள் நூலில் தொங்குகின்றன. வெயிலில் சுழன்று சுழன்று மின்னுகின்றன. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“மாமி, என்ன இது?”

“வீணாத்தானே கிடக்குது. கிளிக்கு வெளிச்சம் ஆகாது.” அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். “படம் போட்ட உறையெல்லாம் எடுத்து அலுமாரிக்க வைச்சிருக்கிறன். அதோட பத்துத் தட்டும் கிடக்கு. அதைத் தொடாதை.”